ஒரு ஃபுல்பேக் போதும் என்றேன்

டீம் செக்ரட்டரிகளாகவும் தேர்வாளர்களாகவும் புதிதாகப் பொறுப்பேற்றிருக்கும் தம்பிகளுக்கு நாலு வார்த்தை எழுதித் தரும்படி கேட்டிருக்கிறீர்கள். ஜெயித்த ஆட்டங்களைப் பற்றி எழுதினால் உற்சாகமாக இருக்கும் என்று ஒரு குறிப்பும் வைத்திருக்கிறீர்கள். என் காலத்தில் எங்கள் ஹாக்கி டீம் மறக்க முடியாதபடி ஜெயித்தது மூன்று முறை. இரண்டில் எதிரணி வரவில்லை. மூன்றாவதில் வந்தார்கள், பாதிப் பேர். ஆகவே தோற்றதைப் பற்றியே எழுதுகிறேன். அதில்தான் எனக்கு அனுபவம் அதிகம்.

அறுபதுகளின் கடைசியில் காஞ்சிபுரத்தில் ஒரு தனியார் பஸ் கம்பெனியில் டைம் கீப்பராக இருந்தேன். எந்த பஸ் எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும், யாருக்கு எந்த டூட்டி என்று எழுதி வைப்பது என் வேலை. கையெழுத்து நன்றாக இருந்ததால் கம்பெனியின் ஹாக்கி டீமுக்கும் என்னையே செக்ரட்டரி ஆக்கினார்கள். ஹாக்கி தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. தெரியும் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

டீமில் ஆடுகிறவர்களுக்கு ஒரு சலுகை உண்டு. அவர்களுக்குப் பகல் டூட்டி மட்டும்தான். காலையில் பயிற்சி, பிறகு வேலை, இருட்டுவதற்குள் வீடு. மற்றவர்கள் இரண்டாவது ஷிஃப்டுக்கும், வெளியூரில் பஸ்ஸோடு தங்கும் நைட் ஹால்ட்டுக்கும் போக வேண்டும். இது முதலாளி போட்ட சட்டம். ஒரு கோல் போடுவதைவிட இந்தச் சலுகைக்காகத்தான் பாதிப் பேர் ஸ்டிக்கைத் தொட்டார்கள். எனக்கு அப்படியில்லை. அந்த டீம் என்றால் எனக்கு உயிர். வீட்டில் என் பிள்ளைகளின் பிறந்த நாளை மறந்திருக்கிறேன், ஆட்ட நாளை மறந்ததில்லை.

கோல் போட எங்களிடம் பாஷா இருந்தான். கண்டக்டர். ஒன்பது வருஷம் எங்கள் சென்டர் ஃபார்வர்டு. குறை எல்லாம் பின்னால்தான். கோலுக்கு முன்னால் நின்று தடுக்க வேண்டிய இரண்டு ஃபுல்பேக்குகளில் ஒருவர் மெக்கானிக். பந்து அவரைத் தாண்டிப் போனால், அது வேறு ரூட் பஸ் என்பதுபோல நின்று பார்ப்பார். இன்னொருவர் டிரைவர். ஆட்டத்தின் நடுவே முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். பந்தும் அந்த நேரம் பார்த்துத்தான் வரும்.

ஒரு வருஷம் லீக் முடிந்ததும் முதலாளி கூப்பிட்டு அனுப்பினார்.

"நாம எத்தினியாவது?" என்றார்.

"ஏழாவதுங்க."

"மொத்தம் எத்தினி டீம்?"

"எட்டுங்க."

"அடுத்த வருஷம் எட்டாவது வந்தா டீமைக் கலைச்சிடுவேன். பின்னாடி ஆள் இல்லாத டீமு எதுக்குப்பா?"

அவர் சொன்னால் செய்வார். ஒரு முறை பஸ் பிரேக் டவுன் ஆனதற்காக அந்த ரூட்டையே விட்டவர். நல்ல ஃபுல்பேக் ஒருவனைக் கண்டுபிடித்தே ஆக வேண்டும் என்று முடிவு செய்தேன்.

தேட வேண்டிய அவசியம் இல்லை. அந்த வருஷக் கடைசி ஆட்டத்திலேயே பார்த்திருந்தேன். பிள்ளையார்பாளையம் நெசவாளர் டீமில் அண்ணனும் தம்பியும்தான் ஃபுல்பேக். தம்பி குமரேசனுக்குப் பத்தொன்பது வயது. பாஷாவின் ஸ்டிக்கிலிருந்து மூன்று முறை பந்தைப் பிடுங்கினான். பூப்பறிப்பதுபோல எடுத்தான் என்று பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். அண்ணன் ஏகாம்பரத்துக்கு இருபத்தெட்டு இருக்கும். அவர் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. தம்பிக்குக் கொஞ்சம் பின்னால், கொஞ்சம் பக்கவாட்டில் நின்றார். பந்து வந்தால் இரண்டு அடி நகர்வார், பிறகு நின்றுவிடுவார். அவரிடம் பந்து அதிகம் வரவும் இல்லை. நான் என் நோட்டில் எழுதினேன்: "சின்னவன்: அபாரம். உடனே எடுக்கவும். பெரியவன்: மந்தம்."

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அது என் தப்பை இரட்டிப்பாக்குகிறது, ஆனாலும் சொல்ல வேண்டும். நான் பிறந்ததே பிள்ளையார்பாளையத்தில்தான். அப்பா பட்டு நெசவாளி. புடவையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்றால் இரண்டையும் இழைக்கு இழை கோத்து நெய்ய வேண்டும். அதற்குக் கோர்வை என்று பெயர். ஒற்றை ஆளால் ஆகாது. ஒருவர் தறிக்குழியில் கால் மிதித்து, ஊடை நூல் சுற்றிய நாடாவை வீசுவார். இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பக்கத்துக் கரைக்கு நாடா வீசுவார். இருவரும் பேசிக்கொள்ள மாட்டார்கள். பேசித்தான் ஆக வேண்டும் என்றால் அந்த ஜோடி தேறாது. இதெல்லாம் எனக்கு எட்டு வயதிலேயே தெரியும். முப்பத்தைந்து வயதில், ஸ்டிக்கும் பந்தும் கண்ணில் பட்டதும், தெரியாமல் போய்விட்டது.

நெசவாளர் டீமின் செக்ரட்டரி கன்னியப்பன் பட்டுக்குச் சாயம் போடுகிறவர். அவர் கை முழங்கை வரை ஒரு வாரம் அரக்கு நிறம், ஒரு வாரம் கிளிப்பச்சை. நான் போன அன்று அரக்கு. ஈரப் பட்டுக் கத்தையைக் கழியில் போட்டு முறுக்கிப் பிழிந்துகொண்டே பேசினார்.

"குமரேசனைக் கேக்கறியா? குடுக்கறேன். பாஷாவைக் குடு."

லீக்கில் ஒரு டீமின் ஆள் இன்னொரு டீமில் ஆட வேண்டுமானால் பழைய செக்ரட்டரி ரிலீஸ் லெட்டர் எழுதித் தர வேண்டும். இது நான் எதிர்பார்த்ததுதான். யோசிப்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு நின்றேன்.

"இன்னா யோசிக்கிற? அண்ணனையும் சேத்து இட்டுக்கினு போ. ரெண்டு பேரு தரேன், ஒருத்தன் குடு போதும்."

அங்கேதான் என் புத்திசாலித்தனம் விழித்துக்கொண்டது. ஒரு நல்ல புடவையைக் கேட்டால் சாயம் போன புடவை ஒன்றைச் சேர்த்துத் தலையில் கட்டுகிற கடைக்காரர்களை எனக்குத் தெரியும். நோட்டில்தான் தெளிவாக எழுதியிருக்கிறதே, மந்தம் என்று. அதோடு கம்பெனியில் ஓர் ஆளுக்குத்தான் வேலை காலியாக இருந்தது.

"ஒரு ஃபுல்பேக் போதும்," என்றேன்.

"அதுங்க ரெண்டும் ஒரே தறிப்பா," என்றார்.

"இருக்கட்டும். எனக்குச் சின்னவன்தான் வேணும்."

பிழிவதை நிறுத்திவிட்டு என்னை ஒரு தரம் பார்த்தார். "நீயும் இந்தத் தெருவுலதான பொறந்தே?" என்று கேட்டார். பிறகு கையைத் துடைக்காமலே லெட்டர் எழுதிக் கொடுத்தார். அந்தக் காகிதத்தில் அரக்கு நிறத்தில் ஒரு கட்டைவிரல் பதிந்திருந்தது.

பாஷாவிடம் சொல்ல வேண்டிய வேலை பாக்கி இருந்தது. பஸ் ஷெட் வாசலில் டிக்கெட் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றான். விஷயத்தைச் சொன்னேன். டீமில் இல்லையென்றால் பகல் டூட்டியும் இல்லை என்று அவனுக்கும் தெரியும், டூட்டி எழுதுகிறவன் நான்தான் என்றும் தெரியும்.

"பதிலுக்கு எத்தினி பேருண்ணா வராங்க?"

"ஒருத்தன்."

"ஒருத்தனுக்கு ஒருத்தனா?" கொஞ்சம் யோசித்தான். "ஒம்போது வருசம் ஆடிக்கினு இருந்தேன். ஒண்ணரை ஆளாவது கேட்டிருக்கலாம். யாரு, சின்னவனா?"

"ஆமாம்."

"பெரியவனை உட்டுட்டியே."

"அவன் நிக்கிற இடத்தை விட்டு நகர மாட்டேன்றானேப்பா."

"அண்ணா, பந்தை எடுத்தது சின்னவன். என்னை அவன்கிட்ட கொண்டுபோய் உட்டது பெரியவன். நான் எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த ஆளு அங்க நின்னுக்கினு இருந்தான். ஒரு பக்கம்தான் தொறந்து இருந்துச்சு. அங்க போனேன், தம்பி நிக்கிறான்."

மனத்தாங்கலில் பேசுகிறான் என்று நினைத்தேன். தம்பிகளே, ஒரு ஃபுல்பேக்கை எடை போட வேண்டுமானால் அவனிடம் பந்தைப் பறிகொடுத்தவனைக் கேளுங்கள். கோட்டுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவனைக் கேட்காதீர்கள். எனக்குக் கேட்காமலே பதில் கிடைத்தது. மறுநாள் பாஷாவை உத்திரமேரூர் நைட் ஹால்ட்டில் எழுதினேன்.

குமரேசன் வந்தான். காக்கிச் சட்டையைத் தைத்து வாங்கிய அன்றே போட்டுக்கொண்டு தெரு முழுக்க நடந்ததாகச் சொன்னார்கள். கண்டக்டர் லைசென்ஸ் வரும் வரை ஷெட்டில் வேலை, காலையில் பயிற்சி. நல்ல பிள்ளை. சொன்னதைச் செய்தான். ஆனால் ஆட்டத்தில் அவனைக் காணவில்லை.

பந்து வரும்போது முன்னால் பாய்வான். பாய்ந்ததும் ஒரு கணம் இடது பக்கம் பின்னால் திரும்பிப் பார்ப்பான். அங்கே எங்கள் மெக்கானிக் நின்றுகொண்டு வேறு எதையோ பார்த்துக்கொண்டிருப்பார். அந்த ஒரு கணத்தில் பந்து போய்விடும். முதல் ஆட்டத்தில் மூன்று கோல். இரண்டாவதில் நான்கு. பயிற்சியைக் கூட்டினேன். ஸ்டிக்கை மாற்றினேன். இடத்தை மாற்றினேன். காலையில் இரண்டு முட்டை கொடுக்கச் சொன்னேன். முட்டை நன்றாகச் சாப்பிட்டான். ஆறு ஆட்டங்களில் பதினேழு கோல் வாங்கினோம்.

"ஏம்பா திரும்பிப் பாக்கறே?" என்று கேட்டேன்.

"பாக்கணும்னு பாக்கலீங்க. கழுத்து தானா திரும்புது. அங்க ஆள் இல்லீங்க," என்றான். சொல்லும்போது கண் கலங்கியது. எனக்கு எரிச்சலாக இருந்தது.

ஒரே ஒரு ஆட்டம் பாக்கி, அதுவும் நெசவாளர் டீமோடு. டிரா செய்தால் ஏழாவது, தோற்றால் எட்டாவது. முதலாளி நேரில் வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். வியாழக்கிழமை மத்தியானம் சைக்கிளை எடுத்துக்கொண்டு பிள்ளையார்பாளையத்துக்குப் போனேன். எதற்கு என்கிறீர்களா? தம்பிக்கு என்ன சொன்னால் சரியாக ஆடுவான் என்று அண்ணனையே கேட்பதற்கு. ஞாயிற்றுக்கிழமை அதே அண்ணனை எதிர்த்துத்தான் ஆடப் போகிறோம். அதெல்லாம் எனக்கு அப்போது தோன்றவில்லை.

ஏகாம்பரம் வீட்டில் இருந்தார். தறி நின்றிருந்தது. பாதி நெய்த புடவையின்மேல் பழைய வேட்டி ஒன்றைப் போர்த்தி வைத்திருந்தார். என்னை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார்.

"தம்பி நல்லா ஆடறானுங்களா?"

"பரவாயில்லை," என்றேன். பிறகு வந்த காரியத்தைக் கேட்பதற்குப் பதிலாக, ஏனோ தெரியவில்லை, "தறி ஏன் நிக்குது?" என்று கேட்டேன்.

"முகூர்த்தப் புடவைங்க. ஓரிக்கையில ஒரு பொண்ணு வூட்டுக்கு. அரக்கு ஒடம்பு, பச்சைக் கரை, கோர்வை. பாதியில அவன் வேலைக்கு வந்துட்டான்."

"வேற ஆளை உக்கார வெச்சு நெய்யலாமே."

"நெய்யலாம். மின்ன நெய்ஞ்ச பாதி அவன் கை. மீதி வேற கையா பூடும். ஆள் மாறின எடத்துல கரை காட்டிக் குடுத்துடும். கட்டிக்கிற பொண்ணுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்."

"இன்னும் எத்தனை நாள் வேலை?"

"ரெண்டு பேரும் காத்தால உக்காந்தா பதினஞ்சு நாளு."

"கல்யாணம்?"

"பதினாறாம் நாளு." முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் சொன்னார். "நாளைக்குப் போய் அட்வான்ஸைத் திருப்பிக் குடுத்துட்டு மன்னிப்பு கேட்டுக்கலாம்னு இருக்கேன்."

"தம்பியைப் போக வேண்டாம்னு நீங்க சொல்லலையா?"

"காக்கிச் சட்டைன்னா அவனுக்கு அவ்ளோ ஆசைங்க. ஏழு வயசுல என் பக்கத்துல வந்து உக்காந்தான். பன்னண்டு வருசம் வாய் தொறந்து ஒண்ணும் கேட்டதில்ல. மொத தடவையா ஒண்ணு கேக்கறான். நான் எப்படிப் போவாதேன்னு சொல்றது?"

போர்த்தியிருந்த வேட்டியைக் கொஞ்சம் விலக்கிப் பார்த்தேன். அரக்கும் பச்சையும் சேருகிற இடத்தில் விரலை ஓட்டினேன். தடமே இல்லை. எங்கே ஒருவர் கை முடிகிறது, எங்கே மற்றவர் கை தொடங்குகிறது என்று ஒரு நெசவாளியின் மகனாலும் சொல்ல முடியவில்லை. இவர்களில் ஒருவரைத்தான் நான் அபாரம் என்றும் ஒருவரை மந்தம் என்றும் பிரித்து எழுதியிருந்தேன். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கேட்க வந்ததைக் கேட்காமலே எழுந்து வந்துவிட்டேன்.

அன்று மாலை ஷெட்டில் டூட்டி அட்டவணையை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். குமரேசனை இரண்டாவது ஷிஃப்டுக்கு மாற்றினால் காலை முழுதும் தறியில் உட்காரலாம், வேலையும் இருக்கும், காக்கிச் சட்டையும் இருக்கும். ஆனால் முதலாளியின் சட்டப்படி இரண்டாவது ஷிஃப்டில் இருப்பவன் எங்கள் டீமில் இருக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை தாண்டட்டும், மூன்றே நாள், பிறகு மாற்றலாம் என்று ஒரு மனம் சொன்னது. அந்த மூன்று நாள் புடவையிடம் இல்லை. டீம் கலைந்தால் பதினைந்து பேருக்குப் பகல் டூட்டி போகும், எனக்கு ஞாயிற்றுக்கிழமையே போகும். அழுகை வந்தது. யாரும் பார்க்கவில்லை என்பதால் கொஞ்சம் அழுதேன். பிறகு அவன் பெயரை அடித்து இரண்டாவது ஷிஃப்டில் எழுதி, விடிந்ததும் தறியில் உட்காரும்படி அவனுக்குச் சொல்லி அனுப்பினேன். ஆடாமல் அவனைக் கட்டி வைக்கவும் மனம் வரவில்லை. ரிலீஸ் லெட்டரையும் எழுதி எடுத்துக்கொண்டு கன்னியப்பனிடம் போனேன். அந்த வாரம் அவர் கை பச்சை.

"குமரேசனை எடுத்துக்குங்க. பாஷாவைத் திருப்பிக் குடுத்துடுங்க," என்றேன்.

லெட்டரை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"பாஷா எதுக்கு?"

"ஒருத்தனுக்கு ஒருத்தன்தானே பேசினோம்?"

"அது அப்ப. அப்பவே ரெண்டு பேரையும் இட்டுக்கினு போன்னேன். ஒண்ணு போதும்னே. இப்ப நீயா வந்து குடுத்தே, நான் வாங்கிக்கினேன்." தோளில் கை வைத்தார், என் வெள்ளைச் சட்டையில். "நல்ல காரியம் பண்ணேப்பா. பாஷாவைத் தர மாட்டேன்."

கையில் இருக்கும் ஆளை முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு பேரம் பேசாதீர்கள் என்று உங்களுக்கு எழுதலாம். எழுதவும் செய்கிறேன். ஆனால் அன்று பேரத்தை முதலில் வைத்திருந்தால், கன்னியப்பன் பிடிவாதக்காரர், ஒரு வாரம் இழுத்திருப்பார். ஞாயிற்றுக்கிழமை குமரேசன் எந்தப் பக்கமும் ஆடாமல் கோட்டுக்கு வெளியே நின்றிருப்பான்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் நடந்தது. மூன்றுக்குப் பூஜ்யம். பூஜ்யம் நாங்கள். பாஷா இரண்டு கோல் போட்டான், இரண்டும் மெக்கானிக்கின் பக்கமாக. வேறு ரூட் பஸ்தானே என்று அவரும் குறுக்கே போகவில்லை. எங்கள் ஆட்கள் பந்தை எடுத்துக்கொண்டு போகும்போதெல்லாம் நான் இந்த முறை ஏகாம்பரத்தை மட்டுமே பார்த்தேன். அவர் இரண்டு அடி நகர்வார். எங்கள் ஆள் வேறு பக்கம் திரும்புவான். அங்கே குமரேசன் பாய்வான். ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஹாக்கியில் அவ்வளவு அழகான ஒன்றை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. தோற்றுக்கொண்டே ரசித்தேன்.

முதலாளி நாற்காலியிலிருந்து எழுந்தார். "அந்தப் பக்கம் கோல் போட்டவன் நம்ம கண்டக்டர்தானே?"

"ஆமாங்க."

"பின்னாடி நின்னு தடுத்த சின்னப் பையன்? அவனும் நம்ம ஷெட்டுதானே?"

"ஆமாங்க."

"அப்ப நம்ம பக்கம் ஆடினது யாருப்பா?"

மறுநாள் டீமைக் கலைத்தார். அடுத்த மாதம் வாலிபால் டீம் ஆரம்பித்தார். அதற்கு வேறு ஒருவர் செக்ரட்டரி. கலைந்த செய்தியைக் கேட்டுப் பாஷா ஷெட்டுக்கு வந்தான். "நைட் ஹால்ட்ல தனியா படுத்துக்கினு போரடிச்சுதுண்ணா. இனிமே எல்லாரும் வருவாங்க," என்றான். அவன் என்னை மன்னித்துவிட்டான் என்று எடுத்துக்கொண்டேன். வேறு விதமாக எடுத்துக்கொள்ளவும் இடம் இருந்தது.

பதினாறாம் நாள் கல்யாணம் முடிந்ததும் ஏகாம்பரம் ஷெட்டுக்கு வந்தார். கல்யாண வீட்டிலிருந்து வாழைப்பழமும் லட்டும் கொடுத்தனுப்பியிருந்தார்களாம், எனக்கும் ஒரு பங்கு கொண்டு வந்திருந்தார். புடவை எப்படி என்று கேட்டேன். சரியாக வந்தது என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "நீங்க என்னைப் பத்தி நோட்டுல என்னவோ எழுதி வெச்சிருக்கீங்களாமே. தம்பி பாத்தானாம், என்னன்னு சொல்ல மாட்டேன்றான்," என்றார்.

மறைக்க முடியவில்லை. மேசையைத் திறந்து அந்தப் பக்கத்தை எடுத்துக் கொடுத்தேன். அவர் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர். நேரம் ஆயிற்று. நான் மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறப்பதற்குள் நோட்டை மூடி என் கையில் கொடுத்தார்.

"சரியாத்தான் எழுதியிருக்கீங்க," என்றார். "நானும் ஓடினா, அவன் எங்க ஓடுவான்?"

அந்த நோட்டை இந்தக் கட்டுரையோடு அனுப்பியிருக்கிறேன். எனக்குத் திரும்ப வேண்டாம். உங்கள் தேர்வுக் குழு கூடும் மேசைமேல் கிடக்கட்டும். எந்தப் பக்கம் என்று தேட வேண்டியதில்லை, அதன் ஓரத்தில் லட்டின் நெய் ஊறியிருக்கிறது.